ஆசையைப் பற்றிப் பேசியது போதும்

சிங்கப்பூரின் கோயில், பள்ளிவாசல், தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மூத்தோருக்கு நீங்கள் நடத்தும் மோசடி விழிப்புணர்வுக் கூட்டங்களில் "ஆசைப்படாதீர்கள்" என்பதே பெரும்பாலும் பாடமாகிவிடுகிறது. அதிகாரிபோல் பேசி ஏமாற்றுபவன் ஆசைப் பக்கமே போவதில்லை. ஒழுங்காக வாழ்ந்தவரின் பதற்றம்தான் அவனுக்கு மூலதனம்.

வங்கியிலிருந்து பேசுவதாக முதல் அழைப்பு வரும். "உங்கள் பெயரில் கடன் அட்டை வாங்கியிருக்கிறார்கள்." "ஐயோ, நான் வாங்கவே இல்லையே!" இந்த மறுப்புக்காகத்தான் காத்திருக்கிறான். "அப்படியென்றால் உங்கள் அடையாள அட்டையை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள், காவல்துறைக்கு இணைக்கிறேன்" என்பான். அந்த நொடியே நமக்கு உதவுபவன் ஆகிவிடுகிறான். அவன் இணைத்துவிடும் ஆளையும் நம்பிவிடுகிறோம். பிறகு வாட்ஸ்அப் காணொளி, சீருடை, முத்திரை வைத்த கடிதம். இவையெல்லாம் அலங்காரம். "விசாரணை ரகசியம், பிள்ளைகளிடம்கூடச் சொல்லக்கூடாது" என்பதுதான் உண்மையான பூட்டு. பணம் எதற்கு என்று வங்கியில் கேட்டால் "வீடு புதுப்பிக்க" என்று சொல்லவும் பழக்கிவைத்திருப்பார்கள். வங்கி ஊழியரின் கேள்வி பல நேரம் பலிக்காமல் போவது இதனால்தான்.

ஆகவே சொற்பொழிவைக் குறைத்து, பேச்சின் நடுவே அழைப்பைத் துண்டிக்கப் பயிற்சி கொடுங்கள். எதிராளியை மதித்தே பழகிய நம் பெரியவர்களுக்கு அது லேசில் வராது. இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து நடிக்கச் சொல்லுங்கள். துண்டித்ததும், மோசடியா என்று கேட்டறிய 1799 உதவி எண்ணை அழைக்கவேண்டும். வெளிநாட்டு அழைப்பில் '+' குறி வரும் என்று சொல்லும்போதே, அது இல்லாவிட்டாலும் நம்பக்கூடாது என்பதையும் சொல்லுங்கள். இங்குள்ள சிம் அட்டைகளும் மோசடிக்காரர்கள் கையில் இருக்கின்றன.

அடுத்து 'மனி லாக்', அதாவது கணக்கிலுள்ள பணத்தைப் பூட்டிவைக்க வங்கிகள் தரும் வசதி. மாதச் செலவுக்கும் ஜைரோ வழி (கணக்கிலிருந்து தானாகக் கழியும்) கட்டணங்களுக்கும் வேண்டியதை வெளியே விட்டு, மிச்சத்தைப் பூட்டலாம். பூட்டிய பணத்தை இணையவழி மாற்ற முடியாது. திறக்கப் பெரும்பாலும் கிளைக்கோ ஏடிஎம்முக்கோ நேரில் போகவேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று: பெற்றோர் எவ்வளவு சொல்லியும் நம்பாமல் பணம் அனுப்பத் துடித்தால் காவல்துறைக்குச் சொல்லுங்கள். 2025 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, வேறு வழியில்லாதபோது அவர்களின் வங்கிப் பரிவர்த்தனைகளை முதற்கட்டமாக 30 நாள்வரை கட்டுப்படுத்தக் காவல்துறை உத்தரவிடலாம். பணம் போய்விட்டதென்றால் முதலில் வங்கியின் அவசர எண், அடுத்து காவல்துறை.

பணத்தைப் பூட்டும் வேலையைக் கூட்டத்தில் தேநீருக்கு முன்பே, அவரவர் கைபேசியில் முடித்துவிடுங்கள். பிறகு என்றால் பாதிப்பேர் கிளம்பியிருப்பார்கள்.

இப்படிக்கு,
மோசடித் தடுப்புத் தொண்டூழியர்கள்
சிங்கப்பூர்