கதவைப் பார்த்து உட்காரும் பிள்ளை

அன்புள்ள கண்ணு,

போன வாரம் நீ போனில் பேசியபோது உன் குரலே சரியில்லை. குட்டியைக் காப்பகத்தில் விட ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது, நாலு நாளும் அழுகிறான், எப்படிம்மா விட்டுவிட்டுப் போவது என்று கேட்டாய். அந்த நேரம் நான் வேலை பார்க்கும் காப்பகத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே குடைக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஏதோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். உன் கேள்விக்கு வருகிறேன், முதலில் இங்கத்திய சேதி.

இரண்டு வாரமாக விடாத மழை. வாசலில் செருப்பும் குடையும் ஒரே குவியல். சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தச் செருப்பைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. வெளியே விட முடியாததால் மதியத் தூக்கம் முடிந்ததும் அறை இரண்டாகிறது. காகிதக் கப்பல் கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் கப்பல்களுக்குள் போர் மூண்டுவிடும்.

கை கால் வாய் நோயும் வந்துவிட்டது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். வாயில் புண், உள்ளங்கையிலும் காலிலும் கொப்புளம், பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானே போய்விடும். ஆனால் பிள்ளை தேறி ஓடியாடிய பிறகும் மலத்தில் அந்த வைரஸ் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால் டயப்பர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவுகிறோம், பிள்ளைகளையும் கழுவ வைக்கிறோம். இருபது வரை எண்ணச் சொன்னால் பன்னிரண்டு, பதிமூன்று, இருபது என்று தாவிவிடுகிறார்கள்.

உன் குட்டிக்கும் சளி பிடிக்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்த வயதில் வருஷத்துக்கு ஆறு, எட்டு முறை பிடிப்பது சாதாரணம். காப்பகத்தில் விட்டதால்தான் என்று உன்னையே நொந்துகொள்ளாதே. ஒன்று மட்டும் செய்யாதே. காலையில் காய்ச்சல் மருந்து கொடுத்து உடம்பைக் குளிர வைத்துக் கொண்டுவந்து விடுகிறார்கள் சிலர். அந்த மருந்து நாலிலிருந்து ஆறு மணி நேரம்தான் நிற்கும். பதினோரு மணிக்குப் பிள்ளை கொதிக்கும். எங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? மருந்தே இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் இங்கே திரும்பச் சேர்ப்போம். ஆனாலும் அந்தப் பெற்றோரை வைய எனக்கு வாய் வருவதில்லை. விடுப்புக் கிடைக்காத வேலையை நானும் பார்த்தவள்தானே.

அடுத்த சேதி, மே 15 வருகிறது. குடும்பங்களுக்கான சர்வதேச நாள். ஐ.நா. சபை 1993-ல் அறிவித்து, 1994 முதல் கொண்டாடுகிறார்கள். பெயரிலேயே 'குடும்பங்கள்' என்று பன்மையில் இருப்பது எனக்குப் பிடிக்கும். முன்பெல்லாம் நாங்கள் அன்னையர் தினத்துக்கு வாழ்த்து அட்டைதான் செய்ய வைப்போம். அம்மா இல்லாமல் அத்தையிடம் வளரும் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அட்டை செய்து முடித்துவிட்டு யாரிடம் கொடுப்பது என்று கேட்டாள். அத்தையிடம் கொடு என்று சட்டென்று சொல்லிவிட்டேன். "அத்தை அம்மாவா, பாட்டி?" என்றாள் என்னிடம். நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். யாரிடமும் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் அன்னையர் தினத்தைத் தொடங்கிவைத்த ஆன்னா ஜார்விஸே பிற்பாடு அது கடைக்காரர்களின் வியாபாரமாகிவிட்டது என்று அதை எதிர்த்துப் போராடினார் என்று எங்கோ படித்தது அன்று ஞாபகம் வந்தது. ஆனால் எனக்கு இருந்த கோபம் கடைக்காரர்கள் மேல் இல்லை, என் அவசர வாய் மேல்தான்.

இப்போது ஒரே ஒரு சுவர். அவரவர் குடும்பம் என்று யாரை நினைக்கிறார்களோ அவர்கள் படத்தைக் கொண்டுவந்து ஒட்டலாம். இந்த முறை ஒரு பையன் இரண்டு வீடு, இரண்டு படம் கொண்டுவந்தான். ஒருத்திக்குத் தாத்தாவும் நாயும். அப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஒன்று, அவர் முகம் தெரியும் போனையே அம்மா கையில் பிடித்திருக்கும் படத்தைக் கொண்டுவந்தது. எல்லாம் பிள்ளையின் கண் உயரத்துக்குத்தான் ஒட்டுவோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் அழும்போது தூக்கிக்கொண்டு போய் அங்கேதான் நிற்பேன்.

இப்போது உன் கேள்வி. எட்டு மாத வாக்கில் ஆரம்பித்து ஒன்றரை வயது வரை பிரிவு அழுகை உச்சத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. எப்போது திரும்பி வருவாள் என்பது மட்டும் புரியவில்லை. உன் குட்டிக்குப் பதினொரு மாதம். அழாவிட்டால்தான் நான் யோசித்திருப்பேன்.

அழுகையைவிட எனக்குக் கலக்கம் தருவது வேறு. சில பிள்ளைகள் அழவே மாட்டார்கள், கதவுக்கு முதுகு காட்டி உட்காரவும் மாட்டார்கள். பொம்மை கையில் இருக்கும், கண் கதவில் இருக்கும். விசாரித்தால் பல சமயம் அவர்களின் பெற்றோர் பிள்ளையிடம் சொல்லாமல் நழுவிப் போகிறவர்களாக இருப்பார்கள்.

உன்னை நானும் ஒரு வருஷம் அப்படித்தான் விட்டுவிட்டுப் போனேன், கண்ணு. கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, நீ அதைத் திருப்பிப் பார்க்கிற நேரத்தில் பின்பக்கமாகப் போய்விடுவேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. அப்புறம் நான் குளிக்கப் போனால்கூட நீ கதவைத் தட்டிக்கொண்டு நிற்பாய். ஒட்டுப்புல் மாதிரி ஒட்டுகிறாள் என்று எல்லாரிடமும் உன்னையே குறை சொன்னேன். இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நீ சொல்லிவிட்டுப் போ. தினமும் அதே வார்த்தை, அதே முத்தம், ஒரு நிமிஷத்துக்கு மேல் நீட்டாதே. "தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்" என்று சொல். வார்த்தை புரியாவிட்டாலும் அந்த ராகம் பழகிவிடும். போன பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதே. நாங்கள் சமாதானம் செய்து முடிக்கும் நேரம் பார்த்து ஒரு தலை தெரியும், மறுபடி முதலிலிருந்து. இங்கே முக்கால்வாசிப் பேர் பத்து நிமிஷத்தில் அடங்கிவிடுகிறார்கள். நீ உடுத்திய பழைய துணி ஒன்றைக் கொடுத்தனுப்பு, உன் வாசனை இருக்கட்டும். ஆனால் விழித்திருக்கும்போது மட்டும். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் இடத்தில் தளர்ந்த துணி எதுவும் கூடாது என்று அங்கே இருப்பவர்களிடம் சொல்லிவிடு, அவர்களுக்கும் தெரிந்திருக்கும். சாயங்காலம் உன்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதால், அங்கே என்ன செய்தார்களோ என்று பயப்படாதே. நாள் முழுக்க அடக்கி வைத்ததை உன்னிடம் இறக்குகிறான்.

அப்புறம் ஒரு விஷயம். வேலை செய்கிறவர்களும் சுவரில் படம் ஒட்ட வேண்டும் என்று இந்த வருஷம் முடிவாகிவிட்டது. என்னிடம் நீ பள்ளிச் சீருடையில் நிற்கும் படம்தான் இருக்கிறது, அதில் நான் இல்லை, மாப்பிள்ளையும் குட்டியும் இல்லை. நீங்கள் மூன்று பேரும் இருப்பதாக ஒன்று 14-ம் தேதிக்குள் அனுப்பு. நான் பக்கத்தில் என் படத்தை வெட்டி ஒட்டிக்கொள்கிறேன்.

குட்டியின் மாற்று உடையில் பெயர் எழுதினாயா? காலுறையிலும் எழுது. முதலில் தொலைவது அதுதான்.

அன்புடன்,
அம்மா