குப்பை எரிக்கிற வேலை இல்லப்பா, சிமெண்ட் பண்ற வேலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன், அம்மாகிட்டயும் சொல்லிடுங்க. ஜெர்மனி குளிர் ஓரளவு பழகிடுச்சு, டிசம்பர்ல சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிடுது, அதுதான் இன்னும் பழகல. அன்னைக்கு போன்ல "குப்பை எரிக்கிற இடத்துலயாம்மா வேலை பாக்குற"ன்னு கேட்டீங்க, உங்க குரல்ல வருத்தம் இருந்துச்சு, ஷிப்டுக்கு நேரமாயிடுச்சுன்னு நானும் சரியா பதில் சொல்லல. அதான் இன்னைக்கு லீவுல உக்காந்து விவரமா எழுதறேன்.

நான் இருக்கறது சிமெண்ட் ஃபேக்டரி லேப்லப்பா. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைச்சு, லேசா சரிஞ்சு படுத்த மாதிரி சுத்திக்கிட்டே இருக்கற ஒரு பெரிய இரும்புக் குழாய்க்குள்ள விட்டு 1450 டிகிரி வரைக்கும் சூடாக்குவாங்க, அந்தக் குழாய்தான் கில்ன், அதுல இருந்து வர்ற உருண்டைதான் கிளிங்கர். அதைக் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைச்சா சிமெண்ட். உள்ள எரியற தீயோட சூடு 2000 டிகிரி கிட்ட இருக்கும். முன்னாடியெல்லாம் இந்தச் சூடு பெரும்பாலும் நிலக்கரியில இருந்துதான், இப்போ இந்த நாட்டு சிமெண்ட் ஆலைங்கள மொத்தமா எடுத்துப் பாத்தா சூட்டுல சுமார் 70 சதவீதம் கழிவுல இருந்து வருது.

கழிவுன்னதும் தெருமுனையில குவிஞ்சு கிடக்கறத அப்படியே லாரியில கொண்டுவந்து கொட்டறோம்னு நினைச்சிடாதீங்க. இங்க வீட்டுலயே பேப்பர் தனி, காய்கறிக் கழிவு தனி, பேக்கிங் கவரெல்லாம் மஞ்சள் தொட்டியிலன்னு பிரிச்சுத்தான் போடணும். 2005 ஜூன்ல இருந்து வீட்டுக் குப்பையை பதப்படுத்தாம நிலத்துல கொட்டவே கூடாது. பிரிச்சதுல மறுசுழற்சி பண்ண முடிஞ்சது போக, அழுக்குப் பிடிச்சது, ரெண்டு மூணு வகை பிளாஸ்டிக் ஒட்டிக்கிட்டு பிரிக்க வராததுன்னு மிச்சம் ஒண்ணு இருக்கும்ல, அதை இரும்பு, கல்லு எடுத்துட்டு சின்னச் சின்னதா நறுக்கி அனுப்புவாங்க. ஃப்ளஃப்னு சொல்வோம், பாக்கறதுக்கு கிழிஞ்ச தலகாணியில இருந்து வர்ற பஞ்சு மாதிரி இருக்கும். ஒரு துண்டு மூணு சென்டிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது, ஏன்னா அது தீயில பறந்துகிட்டே எரிஞ்சு முடியணும், பெருசா இருந்தா எரியாம கிளிங்கர் மேல போய் விழும், அங்க காத்து பத்தாம புகைஞ்சுக்கிட்டு கிடக்கும், கிளிங்கர் உள்ள பழுப்பா மாறிடும், சல்ஃபரும் ஆவியா கிளம்பிடும்.

டயரும் போடறோம். அது நிலக்கரியை விட நல்லா சூடு குடுக்கும், அதுக்குள்ள இருக்கற கம்பியும் கிளிங்கருக்கு வேண்டிய இரும்பாவே சேர்ந்துடும். எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்பா. சாதாரண குப்பை எரிக்கிற பிளாண்ட்ல எரிச்சு முடிச்சதும் சாம்பல் மிஞ்சும், அதை எங்கயாவது கொண்டுபோய் சேர்க்கணும். இங்க சாம்பல்னு தனியா ஒண்ணும் வெளிய வராது, அதுல இருக்கற சிலிக்கா, அலுமினா, இரும்பு, சுண்ணாம்பு எல்லாமே கிளிங்கருக்கு எப்படியும் வேணும். அதனால எந்த லோடுல எவ்வளவு சாம்பல், அதுல என்னென்ன இருக்குன்னு நாங்க பாத்துச் சொன்னாத்தான் சுண்ணாம்புக்கல் கலவையையும் அதுக்கேத்த மாதிரி மாத்துவாங்க.

நீங்க கேட்டீங்கல்ல, இந்த சிமெண்ட்ல கட்டின வீடு நிக்குமான்னு. நிக்கும்பா. ஆனா குளோரின்ல மட்டும் கொஞ்சமும் அசரக் கூடாது. பிவிசி பைப், ஒயர் மேல இருக்கற உறை, இதெல்லாம் கலந்து வந்தா குளோரின் ஏறிடும். அது பொட்டாசியத்தோட சேர்ந்து உப்பா மாறி கில்ன்ல ஆவியாகி, மேல சூடு குறைஞ்ச இடத்துல போய் ஒட்டிக்கும், ஒட்டினது திரும்ப உள்ள வரும், திரும்ப ஆவியாகும், இப்படியே சுத்தி சுத்தி சேர்ந்து கடைசியில சைக்ளோனை, அதாவது கில்னுக்கு முன்னாடி கல்லுத்தூளை சூடாக்கற புனல் மாதிரி இருக்கற பாகத்தை, அடைச்சிடும். அடைச்சா கில்னை நிறுத்தி, அந்த அனல்ல ஆளுங்க நின்னு உடைச்சு எடுக்கணும், ரொம்ப ஆபத்தான வேலை. இதுக்காகவே கொஞ்சம் காத்தை தனியா உருவி உப்பை வெளிய எடுக்க பைபாஸ் வச்சிருக்காங்க. சிமெண்ட்லயும் 0.1 சதவீதத்துக்கு மேல குளோரைடு இருக்கக் கூடாதுன்னு ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் இருக்கு, இல்லன்னா கான்கிரீட்டுக்குள்ள கம்பி துருப்பிடிக்கும். போன மாசம் ஒரு லோடுல எங்க ஆலை வச்சிருக்கற அளவைத் தாண்டி குளோரின் வந்துச்சு, திருப்பி அனுப்பிட்டோம், டிரைவர் பாவம் ரொம்ப தூரத்துல இருந்து வந்தவரு, கத்திட்டுத்தான் போனாரு, ஆனா அதுல தயவு காட்ட முடியாதுப்பா.

பாதரசம் இன்னொரு தொல்லை. நிறைய உலோகம் கிளிங்கருக்குள்ள கட்டிப் போயிடும், பாதரசம் அப்படி நிக்காது, புகையோட போயிடும், அதனால வாசல்லயே தடுக்கணும். பேட்டரி, எலக்ட்ரானிக் கழிவு, ஆஸ்பத்திரி கழிவு, ஆஸ்பெஸ்டாஸ், பிரிக்காத குப்பை, எதுவும் எடுக்க மாட்டோம். எதை எடுக்கறோம்ங்கறத விட எதை வேண்டாம்னு சொல்றோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்குன்னு எனக்குத் தோணுது. கில்ன் ஸ்டார்ட் பண்ணும்போது தேவையான சூடு ஏறாம கழிவு உள்ள போகவே போகாது, மெஷினே தடுத்துடும். எரிக்கும்போது உண்டாகக் கூடிய டையாக்ஸின்ங்கற விஷத்துக்கு ஒரு கன மீட்டர் புகையில 0.1 நானோகிராம்தான் வரம்பு, அவ்வளவு கம்மி.

ஆனா இதுல எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். சிமெண்ட்ல வர்ற கார்பன் டை ஆக்சைடுல பாதிக்கு மேல எரிபொருள்ல இருந்து வர்றதே இல்ல, சுண்ணாம்புக்கல்லு உடையும்போது அதுல இருந்தே வருது, என்ன எரிச்சாலும் அது வரத்தான் செய்யும். அதனால கிளிங்கரையே குறைச்சு, நிலக்கரி மின்நிலையத்துச் சாம்பலான ஃப்ளை ஆஷ், இரும்பு ஆலைக் கசடான ஸ்லாக் எல்லாம் சேர்க்கறாங்க. ஆனா 2038க்குள்ள நிலக்கரி மின்நிலையங்களை மூடணும்னு இங்க சட்டம், மூடினா ஃப்ளை ஆஷும் போயிடும், அங்க புகையை சுத்தம் பண்ணும்போது கிடைக்கற ஜிப்சமும் போயிடும். அப்புறம் சாக்கடை சுத்திகரிப்புல வர்ற சகதி, அதையும் காய வச்சு எரிக்கறோம், ஆனா அதுல பயிருக்கு வேண்டிய பாஸ்பரஸ் இருக்கு, கிளிங்கருக்குள்ள போனா திரும்பக் கிடைக்காது, அளவு மீறினா சிமெண்ட் இறுகறதும் லேட்டாகும். 2029ல இருந்து பெரிய சாக்கடை சுத்திகரிப்பு நிலையங்கள் பாஸ்பரஸை மீட்டுத்தான் ஆகணும்னு சட்டம் வருது. சரியான சட்டம்னு நான் நினைக்கறேன், எங்களுக்கு வர்ற சகதி குறைஞ்சாலும் பரவால்ல. திரும்ப உபயோகிக்க முடியற ஒண்ணை கில்ன் இருக்கேன்னு எரிச்சிடக் கூடாதுப்பா.

என் உடம்பை நினைச்சு கவலைப்படறீங்கன்னு அம்மா சொன்னாங்க. கழிவு இறக்கற ஷெட் மூடின ஷெட்டு, உள்ள இருக்கற காத்தை உறிஞ்சி கில்னுக்கே அனுப்பிடறாங்க, அதனால நாத்தம் வெளிய வர்றதில்ல. உள்ள போகும்போது மாஸ்க், கண்ணாடி, ஹெல்மெட் இல்லாம விடமாட்டாங்க, வருஷா வருஷம் நுரையீரல் டெஸ்டும் உண்டு, போன தடவை ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு, அந்த பேப்பரை போட்டோ எடுத்து தம்பிக்கு அனுப்பியிருக்கேன், அவன்கிட்ட வாங்கிப் பாருங்க. அடுத்த வாரம் நைட் ஷிப்ட், அதனால நானே காலையில கூப்பிடறேன், நீங்க முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க.

இப்படிக்கு,
உங்க அன்பு மகள்