மீனவர் மனு யாழ்ப்பாணத்துக்கும் போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகை, வேதாரண்யம் மீனவர்கள் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும்போதெல்லாம் முதல்வருக்கு ஒரு மனு, பிரதமருக்கு ஒன்று, ஐ.நா.வுக்கு ஒன்று என்று எழுதுகிறார்கள். முதல் இரண்டும் அவசியம். தூதரகத்தை அசைப்பவை அவைதான். மூன்றாவது, இப்போது எழுதப்படுகிற விதத்தில், தபால் செலவுதான். மனித உரிமைச் சட்டம் படிக்கும் டெல்டா மாணவர்கள் இதில் உதவலாம். ஆனால் அவர்கள் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகளை மனப்பாடம் செய்கிறார்கள். ஆசியாவுக்கு அப்படியொரு நீதிமன்றமே இல்லை.

ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தனிநபர் முறையிட, குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையோடு தனிநபர் முறையீட்டுக்கு வழிவிடும் அதன் இணைப்பு ஒப்பந்தமான முதல் விருப்ப நெறிமுறையையும், எந்த நாட்டின் மீது முறையிடுகிறோமோ அந்த நாடு ஏற்றிருக்க வேண்டும். இந்தியா 1979இல் உடன்படிக்கையை ஏற்றது, நெறிமுறையை ஏற்கவில்லை. இலங்கை நெறிமுறையையும் 1997இல் ஏற்றது. முறையிடுபவர் இலங்கைக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. அதன் அதிகார வரம்புக்குள் இருந்தபோது பாதிக்கப்பட்டிருந்தால் போதும். யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும் நாகை அக்கரைப்பேட்டை மீனவருக்கும் இது பொருந்தும்.

ஆனால் இலங்கையிலேயே உள்ள வழிகளை முதலில் முயன்று பார்த்திருக்க வேண்டும். இங்கேதான் இடிக்கிறது. அந்நாட்டு அரசமைப்பின் 126ஆம் உறுப்புப்படி, அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்தில் போட்டாக வேண்டும். விளக்கமறியல் (ரிமாண்ட் காவல்) நீடித்து, வழக்கு முடிந்து, ஆள் ஊர் வந்து சேர்வதற்குள் அந்தக் கெடு போய்விடும். இதற்கு இலங்கையின் 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அதன் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கெடுவில் சேராது என்கிறது 13ஆம் பிரிவு. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு. பாதிக்கப்பட்டவர் சார்பில் இன்னொருவரும் எழுதலாம், அதுவும் தமிழிலேயே.

படகின் பதிவு எண், பிடிபட்ட தேதி, மணி, ஜி.பி.எஸ். காட்டிய இடம், ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், எந்த நீதிமன்றம், அடுத்த தவணை எப்போது, இவ்வளவும் முறைப்பாட்டில் இருக்க வேண்டும். ‘காட்டுமிராண்டித்தனமாகத் தாக்கினர்’ என்று எழுதிப் பயனில்லை. எதனால் அடித்தார்கள், உடம்பில் எந்த இடத்தில் காயம், மருத்துவரிடம் காட்டினார்களா என்று எழுதுங்கள். ஊர் திரும்பிய அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல் வாங்கிவிட வேண்டும். பத்து நாள் கழித்து வாங்கும் சான்றை எதிர்த்தரப்பு எளிதில் உடைத்துவிடும்.

படகை மீட்க இந்த வழி உதவாது. குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் சொத்துரிமை கிடையாது. தடுப்புக்காவல், சித்திரவதை, சிறையில் நடத்தப்பட்ட விதம் போன்றவற்றுக்கே இடம். படகுக்கு உரிமையாளர் அசல் ஆவணங்களோடு இலங்கை நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும். தவணைக்குப் போகாவிட்டால் படகு அரசுடைமை ஆகிவிடும். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆம் உறுப்பு சிறைத்தண்டனையைத் தடுக்கிறது என்று மேடைகளில் முழங்குகிறார்கள். அது ஒரு நாட்டின் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பாலுள்ள பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்துக்கான விதி. இலங்கையின் நெடுந்தீவுக் கரையோரம் பிடிபட்டவருக்கு அதைச் சொல்லி வாதாட முடியாது.

ஐ.நா. குழு சொல்வது தீர்ப்பு அல்ல, கருத்துரை. இலங்கை உச்ச நீதிமன்றமோ 2006இல், முதல் விருப்ப நெறிமுறையில் இலங்கை இணைந்ததே அரசமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. ஆகவே நஷ்டஈடு கையில் வரும் என்று குடும்பங்களுக்கு ஆசை காட்டக் கூடாது. இதனால் வருவது அரசு மீதான அழுத்தமும் அதிகாரபூர்வமான பதிவும். அதுவும் சின்ன விஷயமில்லை.

உள்நாட்டு வழிகள் முடிந்து ஐந்து ஆண்டு கடந்தால் ஐ.நா. குழு தாமதத்தைக் காரணம் காட்டி மனுவைத் தள்ளலாம். அங்கே தமிழ் எடுபடாது, ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தன் சார்பில் முறையிட அனுமதித்து மீனவர் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் வேண்டும். சிறைக்குள் இருப்பவரிடம் கையொப்பம் வாங்குவது பெரும்பாடு என்பதால், விசைப்படகுச் சங்கங்கள் கடலுக்குப் போகும் முன்பே தொழிலாளர்களிடம் அதை வாங்கி, படகு ஆவண நகல்களோடு கரையில் வைத்திருக்கலாம்.

இப்படிக்கு,
சட்டம் கற்பிப்போர் சிலர்,
நாகப்பட்டினம்.