வாழைக்கும் பதரோஷ்னிக்குக்கும் என்ன உறவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்ய மொழி பழகுகிறவர்களுக்காக நீங்கள் போடும் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். சென்ற இதழில் செடி, கொடி, மரங்களின் பெயர்களைத் தமிழ், ஆங்கிலம், ரஷ்யம் என்று மூன்று கட்டமாகப் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: வாழை, பிளான்டெய்ன், பதரோஷ்னிக். அடுத்தடுத்த கட்டங்களை மட்டும் பார்த்தால் தப்பே சொல்ல முடியாது. வாழையை நம் ஊர் ஆங்கிலத்தில் பிளான்டெய்ன் என்கிறோம், சரி. பிளான்டெய்னுக்கு அகராதியில் பதரோஷ்னிக் என்று இருக்கிறது, அதுவும் சரி. ஆனால் முதல் கட்டத்திலிருந்து நேராக மூன்றாவது கட்டத்துக்குப் போனால் வாழை மரம் காணாமல் போய், அந்த இடத்தில் ரோட்டோரம் மிதிபடும் ஒரு சின்னச் செடி நிற்கிறது!

எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள். ஒன்று லத்தீனில் உள்ளங்காலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, அந்தச் செடியின் இலை தரையோடு தரையாகப் பரந்து கிடப்பதால். இன்னொன்று ஸ்பானிய மொழி வழியாக வந்த வாழை. தாவரவியலில் முதலாவது பிளான்டாகோ, இரண்டாவது மூசா, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நல்ல அகராதி இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் போடும். அவசரத்தில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

பதரோஷ்னிக் என்ற பெயரிலேயே தரோகா, அதாவது சாலை, இருக்கிறது. (எழுதும்போது ஓ வரும் இடங்களில் அழுத்தம் இல்லாவிட்டால் ரஷ்யர்கள் ஆ போலத்தான் உச்சரிப்பார்கள், இதை உங்கள் பக்கம் சரியாகவே காட்டியிருந்தது, பாராட்டுகள்.) ரஷ்யாவில் இந்தச் செடியைத் தெரியாத குழந்தை இருக்காது. விளையாடும்போது விழுந்து முட்டி சிராய்த்தால் ஓர் இலையைப் பறித்து ஒட்டிக்கொள்வார்கள். அங்கே மருந்துக் கடையிலும் காய்ந்த இலையாகக் கிடைக்கும், இருமல் மருந்திலும் சேரும். இன்றைக்கு இணையத்தில் யாராவது புலம்பினால் கிண்டலாக "பிரிலஷி பதரோஷ்னிக்" என்பார்கள், "பதரோஷ்னிக் இலையை வச்சுக்கோ, சரியாயிடும்" என்கிற மாதிரி. மொழி பழகுகிறவனுக்கு இந்த ஒரு வாக்கியம் பத்துச் சொல் பட்டியலைவிடப் பிரயோஜனம். நம் வாசகர்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்த எளிய வழியும் இருக்கிறது: மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோல் இருக்கிறதே, அதுவும் பிளான்டாகோ இனம்தான், குஜராத்தில் நிறைய விளைவது. ஆக அந்த வரியின் தமிழ்க் கட்டத்தில் வாழைக்குப் பதில் "இசப்கோல் வகைச் செடி" என்று இருந்தால் மூன்று கட்டமும் பொருந்திவிடும்.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை. மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து ரஷ்யாவுக்குப் போகும் பிள்ளைகள் முதல் வருஷம் மொழி வகுப்பில் "எங்கள் ஊர் உணவு" என்று பேச வேண்டி வந்தால் முதலில் சொல்வது வாழை இலைச் சாப்பாட்டைத்தானே? உங்கள் பட்டியலை நம்பி "பதரோஷ்னிக் இலையில் சோறு, சாம்பார், மூன்று கூட்டு, அப்பளம், பாயசம்" என்று அடுக்கினால் ஆசிரியை என்ன நினைப்பார் சொல்லுங்கள். உள்ளங்கை அகலம் உள்ள இலை அது, அப்பளமே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சொல்ல வேண்டியது பனானவிய் லிஸ்த். அப்புறம் இதில் இன்னொரு சங்கதி, லிஸ்த் என்றால் மர இலையும் உண்டு, காகிதத் தாளும் உண்டு. இலைகள் என்னும்போது லீஸ்தியா, தாள்கள் என்னும்போது லிஸ்தி. இந்த மாதிரி விஷயங்களைப் பட்டியலின் ஓரத்தில் சின்ன எழுத்தில் போடலாமே.

சரி, பதரோஷ்னிக்கை எடுத்துவிட்டு "பனான்" என்று திருத்தினால் போதுமா என்றால், அதுவும் பாதிதான். ரஷ்யக் கடையில் பனான் என்றால் உரித்துத் தின்னும் மஞ்சள் பழம். வாழைக்காயைச் "ஜிலோனிய் பனான்", பச்சைப் பனான், என்று மொழிபெயர்த்தால் இன்னும் பழுக்காத பழம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். சமைக்கும் காய்க்கு "பிளான்தான்" என்றும் "அவஷ்னோய் பனான்", அதாவது காய்கறி வாழை, என்றும் சொல்கிறார்கள். பழகுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது என்பேன், ஏனென்றால் முதலாவதில் ஓர் எழுத்து தவறிப் "பிளதான்" ஆகிவிட்டால் அது சோச்சி, கிரிமியா பக்கம் தெருவோரம் நிழல் தரும் பெரிய மரம், நம் காஷ்மீர்ச் சினாரும் அதே மரம்தான். எங்கள் ஊர் நேந்திரங்காய்ச் சிப்ஸையும் வெறுமனே "பனானவியே சிப்ஸி" என்று சொன்னால் ரஷ்யர்களுக்கு நினைவு வருவது இனிப்பான வாழை வற்றல். "உப்புப் போட்டது" என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பட்டியலில் இதே தொல்லை வேறு சில வரிகளிலும் இருக்கிறது. செர்ரிக்கு வீஷ்னியா என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அது புளிப்பு வகை, இனிப்பு வகைக்குச் சிரேஷ்னியா என்று வேறு பெயர், ரஷ்யர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைப்பதில்லை. புளூபெர்ரிக்குச் சிர்னீகா என்பதும் அப்படியே. சிர்னீகா காட்டில் பறிப்பது, சதையே கருநீலம், தின்றால் நாக்கு கறுத்துப்போகும். பெட்டியில் அடைத்து விற்கும் பெரிய புளூபெர்ரி கலுபீகா, உள்ளே வெளிர் நிறம்.

என் கோரிக்கை ஒன்றுதான். தமிழுக்கும் ரஷ்யத்துக்கும் நடுவில் ஆங்கிலத்தை மட்டும் தரகராக வைக்காதீர்கள், நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்து லத்தீன் தாவரப் பெயரைப் போடுங்கள். வாசகர்கள் மிரளுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் வாசகர்களில் பாதிப் பேராவது மருத்துவ மாணவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம். ரஷ்ய மருத்துவக் கல்லூரிகளில் முதல் வருஷமே லத்தீன் கட்டாயப் பாடம், மருந்துச் சீட்டில் மூலிகைப் பெயர் எழுதுவது வரை சொல்லித் தருகிறார்கள். மற்றவர்களும் அந்தப் பெயரை வைத்துப் படம் தேடிப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு நிமிஷ வேலை.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது வாழைக்கு ஒரு வரி போதாது. பழம், காய், இலை மூன்றுக்கும் தனி வரி கொடுங்கள். பூவுக்கும் தண்டுக்கும் ரஷ்யர்கள் சமையல் பெயர் ஏதும் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் அவற்றை விளக்கித்தான் எழுத வேண்டியிருக்கும். வேண்டுமானால் அந்த விளக்கத்தை நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்