பேழைக்குள் விடப்பட்ட கவிதைத் தாள்கள்: கலைக்கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

அச்சோவியத் தொகுப்புகளைக் காட்சிக்கு வைக்கும் கலைக்கூடப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஓவியர் ஒருவரின் அச்சோவியங்களும் என் கவிதைகளும் சேர்ந்த தொகுப்பு அண்மையில் ஒரு கலைக்கூடத்தில் காட்சிக்கு வந்தது. செம்புத் தகட்டில் கோடுகளைப் பதித்து, மையிட்டுத் தாளில் எடுத்த 12 செப்புத்தகட்டு அச்சோவியங்கள் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்கின. அவற்றுக்கு எதிரெதிரே அமைய வேண்டிய 12 கவிதைத் தாள்களும் தொகுப்பு வைக்கப்பட்ட பேழைக்குள்ளேயே கிடந்தன. பெயர்ப் பலகையில் ஓவியர் பெயர் மட்டுமே இருந்தது. அதைக் கண்டு என்னைவிட அதிகம் வருந்தியவர் அவர்தான்.

இதைப் பெயர் விடுபட்டதால் வந்த மனக்குறை என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். மூன்றாம் தகட்டில் முதலில் ஒரு பறவை இருந்தது. அதற்குரிய கவிதையைப் படித்த ஓவியர், பறவை அங்கே இருக்கக் கூடாதென்று முடிவுசெய்து, செம்பைச் சுரண்டி, நாள்கணக்கில் தேய்த்து மெருகிட்டார். ஆழமாகப் பதிந்த கோடு எளிதில் முற்றாக மறைவதில்லை. சோதனைப் படி எடுத்தபோது, ஈரக்கையால் துடைத்த சிலேட்டைப் போல அவ்விடத்தில் ஒரு சாம்பல் மங்கல் எஞ்சியிருந்தது. அதைப் பார்த்ததும், பறவை போனதைச் சொல்லும் இரண்டு வரிகளை நான் நீக்கிவிட்டேன். கவிதை அருகில் இல்லாமல் அந்தத் தாளைப் பார்ப்பவருக்கு, அது மை துடைத்ததில் நேர்ந்த பிசகாகவே தோன்றும்.

கவிஞர் பிராங்க் ஓஹாராவும் ஓவியர் லாரி ரிவர்ஸும் 1957-இல் தொடங்கிய கல்லச்சுத் தொகுப்பில் (கல்லின்மீது வரைந்து தாளில் அச்செடுக்கும் முறை அது), அச்சில் நேராக வரும்படி ஓஹாரா தம் வரிகளைக் கல்லின்மீதே இடவலம் மாற்றி எழுதினார். அங்கே எழுத்தைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. தனித்தாள்களாக அமையும் எங்கள் தொகுப்பு போன்றவற்றுக்கு அந்தக் காப்பு கிடையாது. அவை உங்கள் கவனத்தை நம்பியே இருக்கின்றன.

ஆகவே, சுவரில் இடம் போதாதெனில் ஆறு ஓவியங்களை மட்டும் அவற்றின் கவிதைகளோடு வையுங்கள். விற்பனைக்காகத் தாள்களைப் பிரிக்காதீர்கள். நாங்கள் அச்சிட்டவை 25 படிகளே, அச்சு முடிந்ததும் தகடுகளின் குறுக்கே கோடு கீறிவிட்டதால் இழந்த தாளை மீண்டும் எடுக்க இயலாது. பெயர்ப் பலகை எழுதுமுன், இருவரும் பென்சிலால் கையொப்பமிட்ட பதிப்புக் குறிப்புத் தாளை ஒருமுறை பாருங்கள்.

அக்காட்சி இன்னும் நிறைவடையவில்லை. அனுமதி கிடைத்தால், நாளையே ஓவியரும் நானும் வந்து பேழையைத் திறந்து, தாள்களை அவற்றின் இடத்தில் வைத்துத் தருகிறோம்.

அன்புடன்,
தொகுப்பின் கவிஞர்