ஆலயத்தில் வாசித்த கை மேடையிலும் வாசிக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிறிஸ்தவக் கலைஞர்கள் சினிமா, மெல்லிசை மேடை பக்கம் போனாலே விசுவாசம் போய்விடும் என்ற பேச்சு எங்கள் பகுதி ஆலயங்களில் இன்னும் ஓயவில்லை. ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசித்துவந்த ஒரு தம்பி, கல்யாண வரவேற்பு ஒன்றில் சினிமாப் பாட்டுக்கு வாசித்தான். அடுத்த வாரமே பாடகர் குழுவில் அவனுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் வாசித்தது பழைய காதல் பாட்டு, அவ்வளவுதான். எனக்கு மனசு ஆறவில்லை.

நம் முன்னோர் இப்படியா இருந்தார்கள்? 1879இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அதை அவர் சபையாருக்கு மட்டுமா எழுதினார்? ஊர் முழுக்கப் படித்தது. அவருடைய கீர்த்தனைகளை எல்லாச் சமயத்தாரும் கச்சேரியில் பாடுகிறார்கள். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ஒருபடி மேலே போனார். சித்த மருத்துவத்தில் சம்பாதித்த பணத்தைச் செலவழித்து இசை மாநாடுகள் கூட்டினார், வித்வான்களை அழைத்துச் சுருதிகளைப் பற்றி வாதிட வைத்தார், 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். கீர்த்தனை எழுதியவரும் அவரே. அப்புறம், தூத்துக்குடிக்காரர் சந்திரபாபு. சினிமாவில் அவர் பாடியதை ரசிக்காத தமிழர் உண்டா?

வேதாகமத்திலேயே தாவீது அரண்மனையில் சவுலுக்கு முன் சுரமண்டலம் வாசித்தான். ஆகவே ஆயர்களும் சபைப் பெரியவர்களும் இந்தப் பிள்ளைகளை விலக்காமல், ஜெபித்து அனுப்பிவைக்க வேண்டும். ஆலய இசைக் கருவிகளில் அவர்கள் வார நாட்களிலும் பயிற்சி செய்ய அனுமதி கொடுங்கள்.

- ஒரு வாசகர், நாகர்கோவில்