வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: மட்டக்குதிரைக் கதைகளோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயற்குழு உறுப்பினர்கள், வட்டத்துக் குடும்பத்தினர், முன்வரிசையில் இடம்பிடித்திருக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "ஒவ்வொரு வருடமும் நீங்களே புத்தகம் தெரிவு செய்கிறீர்களே, எங்களை ஏன் கேட்பதில்லை?" என்று கேட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவள் கேட்டது குதிரைக் கதைகள். சனிக்கிழமைகளில் நம் ஊர் லாயத்துக்குப் போய்வரும் பிள்ளை அவள். சரி, ஒரு வருடம் பார்ப்போமே என்று செயற்குழு ஒப்புக்கொண்டது. இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்கும் நாம், இந்த நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்த கதைகளை அதுவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வகையில் இது எனக்கு மிக நிறைவான ஆண்டு.

நூலக மாடியறையில் பத்துக் கூட்டங்கள் நடந்தன. பனி காரணமாக ஜனவரிக் கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. வாசிப்பு ஆங்கிலத்தில், பேச்சு தமிழில் என்ற வழக்கம் தொடர்ந்தது.

முதல் கூட்டத்தில் பாதி நேரம் ஒரு சொல்லிலேயே போய்விட்டது. போனி என்றால் குதிரைக்குட்டி என்றுதான் நம்மில் பலர் நினைத்திருந்தோம். அது முழுதாக வளர்ந்த, உயரம் குறைந்த குதிரை. முன்தோள் மேட்டில் அளந்தால் 58 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இங்குள்ள பொதுவான கணக்கு. தமிழில் மட்டக்குதிரை என்று அழகான சொல் இருக்கிறதே என்று தலைவர் ஐயா எடுத்துக்கொடுத்தார். அன்றிலிருந்து பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பெரியவர்கள் எல்லோரும் 'பிளாக் பியூட்டி'யில் தொடங்கினோம். நம்மில் சிலர் ஊரில் பள்ளிக்கூடத்தில் சுருக்கிய பதிப்பாகப் படித்த புத்தகம் அது. முழுசாகப் படித்தபோது அது வேறு புத்தகமாக இருந்தது. எழுதிய ஆனா சூவல் 14 வயதில் கீழே விழுந்து கணுக்கால்களைக் கெடுத்துக்கொண்டவர். வாழ்நாள் முழுவதும் சரியாக நடக்க முடியாமல், எங்கே போவதானாலும் குதிரை வண்டியை நம்பியே இருந்தார். 1871இல் எழுதத் தொடங்கி, நோயில் படுத்தபடியே முடித்தார். 1877 நவம்பரில் புத்தகம் வந்தது, அடுத்த ஏப்ரலில் அவர் இறந்துபோனார். அவர் எழுதியது பிள்ளைகளுக்காக அல்ல, குதிரைகளோடு வேலை செய்கிறவர்களுக்காக. குதிரையின் தலை எப்போதும் நிமிர்ந்து அழகாகத் தெரிய வேண்டும் என்று வாரை இழுத்துக் கட்டும் வழக்கம் அப்போது இருந்தது. அப்படிக் கட்டினால் மேட்டில் பாரம் இழுக்கும்போது குதிரையால் தலையைத் தாழ்த்த முடியாது, மூச்சுத் திணறும். அந்த வேதனையைக் குதிரையே தன் வாயால் சொல்கிறது. ஜிஞ்சர் என்ற குதிரையின் முடிவு வரும் பக்கத்தை வாசித்த அன்று நம் பொருளாளர் அக்கா பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான்தான் வாசித்தேன், என் குரலும் சரியாக இல்லை.

ஆனால் பிள்ளைகள் ஒரு நியாயமான ஆட்சேபணை எழுப்பினார்கள். பிளாக் பியூட்டி மட்டக்குதிரையே இல்லையே! அந்தக் கதையில் மட்டக்குதிரை என்றால் மெரிலெக்ஸ்தான், குச்சியால் அடித்துக்கொண்டே இருந்த பையன்களைக் கீழே தள்ளிவிடும் அந்தச் சின்னக் குதிரை. அதனால், நமக்குப் பிடித்த மட்டக்குதிரைக் கதைக்குக் கடைசிக் கூட்டத்தில் நடக்கும் வாக்கெடுப்பில் இந்தப் புத்தகத்துக்குப் போடும் வாக்கு செல்லுமா என்று ஒரு கூட்டம் முழுக்க வாதம் நடந்தது. மெரிலெக்ஸ் பெயரில் ஏற்றுக்கொள்வதாக முடிவானது.

பிள்ளைகளின் பக்கம் நின்றது 'ஜில்ஸ் ஜிம்கானா'. ரூபி ஃபெர்குசன் 1949இல் எழுதியது, ஜில் வரிசையின் ஒன்பது புத்தகங்களில் முதலாவது. ஜிம்கானா என்பது இந்தியாவிலிருந்து இந்நாட்டுக்கு வந்த சொல். இங்கே அது பிள்ளைகள் மட்டக்குதிரை ஏறிப் போட்டி போடும் நாள். ஜில்லுக்கு அப்பா இல்லை. அம்மா கதை எழுதிச் சம்பாதிக்கிறார். குதிரை ஒன்று வேண்டும் என்ற ஆசைக்கு முன்னால் காசு கணக்குதான் வந்து நிற்கிறது. தீனி, சேணம், உடுப்பு, எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். வசதி குறைந்த வீட்டில் ஒரு பிள்ளை எப்படி ஆசைப்படும், எப்படி அதை வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் என்பதை இவ்வளவு கலகலப்பாக எழுத முடியும் என்று நான் நினைத்ததில்லை.

ஜில்லுக்குச் சவாரி கற்றுக்கொடுப்பவர் மார்ட்டின். போரில் விமானப்படையில் இருந்து, காயப்பட்டு, சக்கர நாற்காலியில் வாழும் இளைஞர். வன்னியிலிருந்து வந்த நம் உறுப்பினர் ஒருவர் அன்று பேசியதை இங்கே பதிவு செய்ய அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். "இந்தப் பிள்ளை அவரைப் பார்த்து ஐயோ பாவம் என்று நிற்கவில்லை. எனக்குச் சொல்லித்தாருங்கள் என்று கேட்கிறாள். என் தம்பியிடம் யாரும் அப்படி ஒன்றும் கேட்டதில்லை" என்றார். அதற்குப் பிறகு தேநீர் வரும்வரை யாரும் பேசவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோவானா கேனனின் 'எ போனி ஃபார் ஜீன்' (1936) இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் முன்னோடி. எலும்பும் தோலுமான ஒரு குதிரையைச் சொந்தக்காரப் பிள்ளைகள் பரிகசிக்க, ஜீன் அதைத் தேற்றி எடுக்கிறாள். கேனனின் மூன்று மகள்களும் பின்னாளில் இதே துறையில் எழுதினார்கள். 'சில்வர் ஸ்னாஃபில்ஸ்' (1937) ஏழெட்டு வயதுக்காரர்களுக்கு உயிர். லாயத்தின் இருட்டு மூலைக்குள் நுழைந்தால் மட்டக்குதிரைகள் பேசும், சவாரியும் அவையே கற்றுத்தரும். 'மிஸ்டி ஆஃப் சிங்கட்டீக்' (1947) அமெரிக்கக் கதை. வர்ஜீனியாவில் ஆண்டுதோறும் ஜூலையில் அசட்டீக் தீவுக் குதிரைகளைக் கால்வாயில் நீந்தவைத்து அக்கரை சேர்த்து, குட்டிகளை ஏலம் விடுகிறார்கள். அந்தப் பணம் ஊர்த் தீயணைப்புப் படைக்குப் போகிறது. மிஸ்டி உண்மையாகவே வாழ்ந்த குதிரை என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

எனிட் பேக்னால்டின் 'நேஷனல் வெல்வெட்' (1935) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கலில் கிடைத்த குதிரையில், ஆண் வேடத்தில், 14 வயதுப் பெண் இங்கிலாந்தின் பெயர்பெற்ற தடைதாண்டும் குதிரைப் பந்தயமான கிராண்ட் நேஷனலில் ஓடுகிறாள். அந்தப் பந்தயத்தில் பெண் சவாரி செய்ய அன்று அனுமதியே இல்லை. ஆண், பெண் பாகுபாட்டைத் தடைசெய்த 1975இன் சட்டத்துக்குப் பிறகு, 1977இல்தான் சார்லட் புரூ முதல் பெண்ணாக ஓடினார். ரேச்சல் பிளாக்மோர் வென்றது 2021இல். கதை வந்து 86 வருடம் கழித்து! இதைக் கேட்டு, கேள்வி எழுப்பிய அந்தப் பிள்ளை கோபத்தோடு தன் வாக்கை வெல்வெட்டுக்கு மாற்றிக்கொண்டாள்.

மே மாதச் சுற்றுலாவில் கிரேட் யார்மத்தில் ஆனா சூவல் பிறந்த வீட்டையும், லாமாஸ் கிராமத்தில் சுவரில் பதித்திருக்கும் அவருடைய கல்லறைக் கல்லையும் பார்த்தோம். ஒரு சின்னவன் கையில் கொண்டுபோன காரட்டைக் கல்லின் கீழே வைத்துவிட்டு வந்தான். பேருந்து ஏற்பாடு செய்த தம்பிக்கும், இட்லியும் புளிச்சாதமும் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும் நன்றி.

கடைசிக் கூட்டத்தில் 26 வாக்குகள் பதிவாயின. ஜில் 9, பிளாக் பியூட்டி (மெரிலெக்ஸ் வழியாக) 8, வெல்வெட் 4, மிஸ்டி 3, சில்வர் ஸ்னாஃபில்ஸ் 2. நான் வருடத் தொடக்கத்தில் பிளாக் பியூட்டிதான் என்று உறுதியாக இருந்தேன். ஒரு வாக்கு வித்தியாசம் என்னுடையது என்பதை மறைக்கவில்லை. பாதிக்கப்பட்ட குதிரைக்காக அழ எனக்குத் தெரியும். ஆனால் விடியற்காலையில் எழுந்து லாயம் கூட்டும் பிள்ளையைத்தான் என் பேத்தி திரும்பத் திரும்பப் படிக்கக் கேட்கிறாள்.

பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கிய பிரதிகளைப் பொருளாளர் அக்கா அட்டை போட்டு வைத்திருக்கிறார். கணக்கு விவரத்தை அவரே அடுத்து வாசிப்பார்.

வரும் ஆண்டின் முதல் கூட்டத்துக்குக் கே. எம். பேட்டனின் 'ஃப்ளை-பை-நைட்' (1968) தெரிவாகியிருக்கிறது. வட்டத்திடம் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அப்புறம், 'சில்வர் ஸ்னாஃபில்ஸ்' யார் வீட்டில் இருக்கிறதோ, அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். வரிசையில் மூன்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்